தாய்மொழிக் கட்டத்தில் எழுதப்பட்ட மதம்: பஞ்சாப் 1947–1997, ஒரு நிகழ்வு ஆய்வு

1986 ஜனவரியில், பஞ்சாபின் தென்மேற்கு ஓரத்தில் உள்ள கந்துகேரா என்ற சிற்றூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நிலம், கால்நடை, வருமானம் எதையும் பற்றியதன்று அந்தக் கணக்கு. ஊராரின் தாய்மொழி எது என்பதே அதில் அறிய வேண்டியிருந்தது. பெரும்பான்மையோர் இந்தி என்று சொல்லியிருந்தால், முந்திய ஆண்டு பிரதமர் ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவரும் செய்த உடன்பாட்டின்படி அபோகர், பாசில்கா வட்டாரத்தின் 83 ஊர்களும் 2 நகரங்களும் ஹரியானாவுக்குப் போக வழி திறந்திருக்கும். அதற்கு ஈடாகச் சண்டிகர் பஞ்சாபுக்கு வந்திருக்கும். அந்த வட்டாரத்துக்கும் ஹரியானா எல்லைக்கும் நடுவே கந்துகேரா அமைந்திருந்ததே இத்தனைக்கும் காரணம். தொலைவில் இருந்த ஒரு தலைநகரத்தின் உரிமை, பெரும்பாலோர் அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஓர் ஊரின் வாய்ச்சொல்லைப் பொறுத்து நின்றது.

பஞ்சாபி என்று பதிந்தவர்களே மிகுதியாக இருந்தார்கள். நீதிபதி கே.கே. மாத்யூ தலைமையிலான ஆணையம், நிலத்தொடர்ச்சி அறுபடுவதால் அந்த வட்டாரத்தை ஹரியானாவுடன் சேர்க்க இயலாது என்று அறிக்கை தந்தது. ஜனவரி 26 அன்று நடந்திருக்க வேண்டிய சண்டிகர் கைமாற்றம் நின்றுபோனது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அபோகர் பக்கத்தில் பலர் வீட்டில் பேசுவது பாக்ரி. ராஜஸ்தானி, ஹரியான்வி, பஞ்சாபி மூன்றோடும் உறவுள்ள பேச்சு அது. அன்றைய சண்டையில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. இந்தி, பஞ்சாபி என்ற இரண்டில் ஒன்றுக்குள்தான் அவர்கள் அடங்க வேண்டியிருந்தது.

மதப் பிரிவும் வட்டாரப் பிரிவும் தேச ஒற்றுமைக்குச் சவால்கள் என்று பாடநூல்கள் இரண்டையும் தனித்தனித் தலைப்புகளில் எழுதிவிட்டுப் போகின்றன. அவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை அறியப் பஞ்சாபைப் போல வேறு நிகழ்வு இந்தியாவில் இல்லை. அந்தப் பின்னல் தானாக விழுந்ததன்று என்பதே இந்த ஆய்வின் வாதம். அரசு கேட்ட கேள்விகள், அவற்றுக்குத் தலைவர்கள் சொல்லிக்கொடுத்த பதில்கள், பாதியைக் கொடுத்துப் பாதியை நிறுத்திவைத்த தீர்வுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைப் பின்னின.

கேள்வியும் பதிலும்

1947 பிரிவினையில் லாகூரும், குருநானக் பிறந்த நங்கானா சாகிபும், சீக்கிய உழவர்கள் வளமாக்கிய மேற்குக் கால்வாய்க் குடியேற்றங்களும் பாகிஸ்தானுக்குப் போயின. மேற்கிலிருந்து இந்துக்களும் சீக்கியர்களும் கிழக்கே வந்தார்கள். கிழக்கிலிருந்து முஸ்லிம்கள் ஏறக்குறைய முழுமையாக வெளியேறினார்கள். பழைய பஞ்சாபில் சிதறிக் கிடந்த சீக்கியர் இதன் விளைவாக ஒரு தொடர்ச்சியான நிலப்பரப்பில் செறிந்தார்கள். ஆயினும் இந்தியப் பஞ்சாப் முழுவதையும் கணக்கிட்டால் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மதவாரியாகத் தனித்தனியே வாக்களிக்கும் தனித் தொகுதி முறையும் போய்விட்டது. சிறுபான்மை என்ற வகையில் இருந்த பழைய காப்புகள் நீங்கிய அதே வேளையில், ஒரு மாநிலத்தில் பெரும்பான்மையாக இருக்கக்கூடும் என்ற வாய்ப்பும் முதன்முறையாகத் தெரிந்தது. பஞ்சாபி மொழிக்கு ஒரு மாநிலம் என்ற ‘பஞ்சாபி சூபா’ கோரிக்கை இந்தச் சூழலில் பிறந்தது.

மொழியை மட்டும் பார்த்தால் கோரிக்கை எளியது. எட்டாவது அட்டவணையில் 1950இலேயே இடம்பெற்ற 14 மொழிகளில் பஞ்சாபியும் ஒன்று. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் பொருந்தும் நியாயம் பஞ்சாபிக்கும் பொருந்தும். சிக்கல் மொழிக்கு வெளியே இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் பஞ்சாபின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் உருது நடந்தது. வீட்டில் எல்லா மதத்தாரும் பஞ்சாபியே பேசினர். ஆனால் சீக்கியருக்கு மறைநூலின் எழுத்து குருமுகி, ஆரிய சமாஜத்தின் செல்வாக்குக்கு உட்பட்ட இந்துக்களுக்கு வேதத்தின் எழுத்து தேவநாகரி. உருது விலகிய வெற்றிடத்தில் எந்த எழுத்து அமர்வது என்ற கேள்வி, எந்த மதம் அமர்வது என்ற கேள்வியாகக் காதில் விழுந்தது.

1949 அக்டோபரில் வெளியான சச்சார் திட்டம் இதற்கு ஒரு சமரசத்தைத் தேடியது. முதலமைச்சர் பீம்சேன் சச்சாரின் பெயரால் வழங்கும் அத்திட்டம் மாநிலத்தைப் பஞ்சாபி மண்டலம், இந்தி மண்டலம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் தொடக்கக் கல்வி அந்தந்த மொழியில் இருக்க வேண்டும் என்றும், மற்ற மொழியைச் சில வகுப்புகள் கழித்துக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்றும் வகுத்தது. ஆரிய சமாஜப் பள்ளிகள் அதை ஏற்கவில்லை. அடுத்து 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வீட்டில் பஞ்சாபி பேசும் இந்துக்கள் தாய்மொழிக் கட்டத்தில் இந்தி என்று எழுத வேண்டும் என்று வெளிப்படையாகப் பிரசாரம் நடந்தது. பெருந்தொகையினர் அப்படியே எழுதினர். எதிர்ப்பிரசாரமும் குறைவில்லை. முடிவில் பஞ்சாபி, இந்தி, உருது, பஹாரி ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக்காட்டாமல் ஒரே தொகுப்பாக வெளியிடும் நிலைக்குக் கணக்கெடுப்புத் துறை வந்தது. மொழிக் கணக்கைக் கொண்டு மாநில எல்லை வரையப் போகும் ஒரு நாட்டில், மொழிக் கணக்கே எடுக்க முடியாத மாநிலம் ஒன்று உருவாகிவிட்டது.

தாயிடம் கற்ற மொழியைத் தாய்மொழி இல்லை என்று எழுதியதைத் துரோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களில் பலர் நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் மதப் பெரும்பான்மை ஒன்றின் நடுவே வீடிழந்து வந்தவர்கள். இன்னொரு மதப் பெரும்பான்மை மாநிலத்துக்குள் சிறுபான்மையாகப் புக அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் தணிக்க, சூபா கேட்ட சீக்கியர் கட்சியான அகாலி தளத்தின் தலைமை பெரிதாக முயன்றதும் இல்லை. அதன் தலைவர் மாஸ்டர் தாரா சிங், சூபா கேட்பது சீக்கியரின் தனித்த இருப்புக்காக என்பதை மறைத்துப் பேசியவர் அல்லர். அகாலி தளத்தின் அமைப்பும் இதற்கு ஏற்றதாக இருந்தது: 1920இல் குருத்வாராக்களை மீட்கும் இயக்கத்தில் தோன்றிய கட்சி, 1925 சட்டத்தின்கீழ் அமைந்த சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழுவின் தேர்தல்கள் வழியே வேரூன்றி, ஒவ்வொரு போராட்டத்தையும் அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்திலிருந்தே தொடங்கி நடத்திவந்தது. மொழிப் போராட்டத்துக்குக் கோயிலில் பிரார்த்தனை செய்துவிட்டுக் கைதாகப் போகிறவரைப் பார்க்கும் மற்றவருக்கு அது மொழிப் போராட்டமாகத் தெரியாது.

ஆணையத்தின் மறுப்பு

1953 டிசம்பரில் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவரும் இருந்தனர். 1955 செப்டம்பரில் அவர்கள் தந்த அறிக்கை, தென்னிந்திய எல்லைகளை மொழிவழி வகுத்துக்கொடுத்துவிட்டுப் பஞ்சாபை மட்டும் விதிவிலக்காக வைத்தது. பஞ்சாபி இந்தியிலிருந்து போதிய அளவு வேறுபட்டதன்று என்பதும், கோரிக்கைக்கு அங்குள்ள மக்களிடையே தேவையான அளவு உடன்பாடு இல்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். முதற்காரணம் மொழியியலில் நிற்காது. இரண்டாவது உண்மை, ஆனால் அந்த உடன்பாடின்மை எப்படி உண்டாக்கப்பட்டது என்பதை ஆணையம் கண்டும் காணாமல் விட்டது. கணக்கெடுப்புப் படிவத்தில் மதத்தின் பேரால் நிரப்பப்பட்ட பதிலை மக்களின் மொழி விருப்பமாக எடுத்துக்கொண்டதால், அடுத்த முறையும் அப்படியே நிரப்புவது பலன் தரும் என்ற பாடத்தை அரசே கற்பித்ததாயிற்று.

அந்த ஆண்டே இன்னொரு சம்பவமும் நடந்தது. 1955 ஏப்ரலில் அமிர்தசரஸில் ‘பஞ்சாபி சூபா வாழ்க’ என்ற முழக்கம் தடைசெய்யப்பட்டது. தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். ஜூலை 4 அன்று காவல்துறை பொற்கோயில் வளாகத்துக்குள் புகுந்து கண்ணீர்ப்புகை வீசியது. அதன்பின் தடை விலக்கப்பட்டது; முதலமைச்சர் சச்சார் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். ஒரு முதலமைச்சர் கோயிலுக்குப் போய் வருத்தம் தெரிவிக்கத் தயாராக இருந்த அந்தக் காலத்தை, இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில் பீரங்கி வண்டிகள் நுழைந்த காலத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1956இல் பாட்டியாலா உள்ளிட்ட சமஸ்தானங்களின் ஒன்றியமான பெப்சு பஞ்சாபுடன் இணைந்தது. சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்ட இரு வட்டாரக் குழுக்கள் என்ற ஏற்பாட்டை அகாலி தளம் ஏற்றது. உடனே மறுதரப்பு கிளம்பி, 1957இல் இந்தியைக் காக்கும் போராட்டம் நடத்தியது. வட்டாரக் குழுக்கள் பெயரளவில் இயங்கின. நேரு பேச்சுவார்த்தைக்கு ஒருபோதும் கதவை அடைத்ததில்லை. மொழிப் போர்வையில் வரும் மதக் கோரிக்கை என்ற தம் கருத்தை மாற்றிக்கொண்டதும் இல்லை.

மூன்று உண்ணாநோன்புகள்

ஆந்திர மாநிலத்துக்காகப் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 1952 அக்டோபர் 19 அன்று தொடங்கிய உண்ணாநோன்பு டிசம்பர் 15 இரவு அவர் இறப்பில் முடிந்தது. நான்கே நாட்களில் ஆந்திரம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது அமைந்தும்விட்டது. பஞ்சாபுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1961 ஆகஸ்ட் 15 அன்று தாரா சிங் பொற்கோயில் வளாகத்தில் உண்ணாநோன்பு தொடங்கினார். 48ஆம் நாள், அக்டோபர் 1 அன்று, மாநிலம் பெறாமலேயே முடித்துக்கொண்டார். சீக்கியருக்கு எதிராகப் பாகுபாடு உண்டா என்று ஆராய ஓர் ஆணையம் என்பதே அவருக்குக் கிடைத்தது. பிரார்த்தனை செய்து எடுத்த சபதத்தைக் கைவிட்டதற்காக அவருடைய சமயத்தாரே அவருக்குத் தண்டனை விதித்தார்கள்; வழிபட வந்தவர்களின் காலணிகளைத் துடைக்கும் பணியும் அதில் ஒன்று.

அவர் நோன்பை முடித்த அதே அக்டோபர் 1 அன்றுதான் டில்லியில் நான்கு நாள் தேசிய ஒருமைப்பாட்டு மாநாடும் முடிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜபல்பூரில் நடந்த மதக் கலவரத்தின் பின்னணியில் கூட்டப்பட்டது அது. வகுப்புவாதம், சாதி, மொழி, வட்டாரம் என்று பிரித்துப் பேசிய அந்த மாநாட்டின் வழியே தேசிய ஒருமைப்பாட்டுக் குழு பிறந்தது.

தாரா சிங்கின் வீழ்ச்சியில் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருந்தது. 1962இல் அவரிடமிருந்து பிரிந்த சந்த் பதே சிங், தாம் கேட்பது பஞ்சாபி பேசும் மாநிலம் மட்டுமே என்றும், அதில் சீக்கியர் எத்தனை விழுக்காடு என்பதைப் பற்றித் தமக்கு அக்கறை இல்லை என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். நகரத்துப் படித்த கத்ரி சமூகத்திலிருந்து வந்த தாரா சிங்குக்கு மாறாக, பதே சிங் கிராமத்து ஜாட் உழவர்களின் தலைவர். கோரிக்கையை மதத்திலிருந்து மொழிக்கு நகர்த்தக்கூடிய ஒருவர் கிடைத்த பிறகும் நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1965 செப்டம்பரில் உண்ணாநோன்பிருந்து தீக்குளிப்பதாக அவர் அறிவித்தபோது பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அவர் நோன்பை ஒத்திவைத்தார். எல்லை மாவட்டங்களின் மக்கள் படைக்குச் சோறும் வண்டியும் கொடுத்து உடன் நின்றார்கள். போர் ஓய்ந்ததும் மக்களவைத் தலைவர் ஹுக்கம் சிங் தலைமையில் நாடாளுமன்றக் குழு அமைந்தது. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அரசமைப்பின் மீது சீக்கியருக்குள்ள அதிருப்தியைப் பதிவு செய்து பேசியவர் அவரே. அவரை அவைத் தலைவராக்கி, அவரிடமே இந்தப் பொறுப்பைக் கொடுக்கும் அளவுக்கு இந்திய நாடாளுமன்றம் விரிந்திருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும்.

1966 மார்ச்சில் காங்கிரஸ் செயற்குழு பஞ்சாபி மாநிலத்தைப் பரிந்துரைத்தது. எதிர்ப்புக் கலவரம் நடந்தது. பானிபட்டில் மூவர் எரித்துக் கொல்லப்பட்டனர். நவம்பர் 1 அன்று பஞ்சாபும் ஹரியானாவும் தனித்தனி மாநிலங்களாயின. மலைப்பகுதிகள் இமாசலத்துடன் சேர்ந்தன. புதிய பஞ்சாபில் சீக்கியர் ஏறத்தாழ 60 விழுக்காடு. கோரிக்கையை ஏற்றவுடன் நாடு சிதறிவிடவில்லை. அடுத்த ஆண்டே அகாலி தளமும், சூபாவைக் கடுமையாக எதிர்த்த இந்து தேசியவாதக் கட்சியான ஜனசங்கமும் ஒரே கூட்டணி அமைச்சரவையில் அமர்ந்தன. இரு மதத்தாரின் பகையே எல்லாவற்றுக்கும் மூலம் என்று சொல்பவர்கள் அந்த 1967 அமைச்சரவைக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

நிறுத்திவைக்கப்பட்ட பாதி

பஞ்சாபைப் பிரித்த 1966 சட்டம் மூன்று விஷயங்களை முடிக்காமல் விட்டது: தலைநகரம், எல்லையோர ஊர்கள், ஆற்று நீர்.

எல்லை வகுத்த நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம் 1961 கணக்கெடுப்பின் மொழிப் பதிவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டியிருந்தது. அதாவது, மதம் எழுதிய தாய்மொழிக் கட்டம் இப்போது எல்லைக்கோடாக இறங்கியது. ஆணையத்தின் பெரும்பான்மை சண்டிகரை ஹரியானாவுக்குக் கொடுக்கச் சொன்னது. மத்திய அரசு இருவருக்கும் கொடுக்காமல் ஒன்றியப் பகுதியாக்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, இரு மாநிலங்களுக்கும் அதுவே தலைநகரம் என்றது. லாகூரை இழந்ததற்கு ஈடாகக் கட்டப்பட்ட நகரம் அது. 1969இல் சண்டிகருக்காக உண்ணாநோன்பிருந்த தர்ஷன் சிங் பேருமான் 74ஆம் நாள் இறந்தார். 1970 ஜனவரியில் இந்திரா காந்தி சண்டிகரைப் பஞ்சாபுக்கும், அபோகர்–பாசில்காவை ஹரியானாவுக்கும் வழங்கி முடிவு சொன்னார். அந்த முடிவு ஏட்டோடு நின்றது.

நீர் இன்னும் ஆழமான புண். பொதுவாக மாநிலங்களுக்கிடையே நீர்த்தகராறு எழுந்தால் அரசமைப்பின் 262ஆம் பிரிவும் 1956ஆம் ஆண்டுத் தகராறுச் சட்டமும் வழிகாட்டும், தீர்ப்பாயம் விசாரிக்கும். காவிரியில் தீர்ப்பாயம் 1990இல் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததை நாம் அறிவோம். இடையே 1991இல் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டதையும் அறிவோம். அந்த வழி மெதுவானது, குறையுள்ளது; ஆயினும் யாரிடம் முறையிடுவது என்பதில் ஐயமில்லை. பஞ்சாபில் 1966 சட்டத்தின் 78ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குள் இரு மாநிலங்களும் உடன்படாவிட்டால் மத்திய அரசே நீரைப் பங்கிடலாம் என்றது. அதன்படி 1976 மார்ச்சில், நெருக்கடி நிலைக் காலத்தில், இரு மாநிலங்களுக்கும் ஆளுக்கு 35 லட்சம் ஏக்கர் அடி என்று உத்தரவு பிறந்தது. புதுரகக் கோதுமையும் நெல்லும் நீரைக் குடிக்கத் தொடங்கியிருந்த பஞ்சாபின் உழவர், சட்லெஜ் ஆறு ஹரியானாவைத் தொடவே இல்லை என்று சொன்னார். முன்பு ஒரே மாநிலமாக இருந்தபோது எங்களுக்கும் அதில் பங்கிருந்ததே என்று ஹரியானா உழவர் சொன்னார். இரண்டும் நேர்மையான வாதங்கள். அவற்றை எடைபோட நடுவர் இருக்க வேண்டிய இடத்தில், தேர்தலில் ஒரு தரப்பாக நிற்கும் மத்திய ஆட்சி இருந்தது. 1981 டிசம்பரில் காங்கிரஸ் முதலமைச்சர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1982 ஏப்ரலில் கபூரி என்ற ஊரில் சட்லெஜ்–யமுனை இணைப்புக் கால்வாய்க்கு இந்திரா காந்தி மண்வெட்டி பிடித்தார். 214 கிலோமீட்டர் கால்வாயில் 122 கிலோமீட்டர் பஞ்சாபுக்குள் வருவது.

இந்த மூன்றும் வட்டாரக் கோரிக்கைகள்; இவற்றில் மதம் இல்லை. 1973இல் அனந்தபூர் சாகிப்பில் அகாலி தளம் நிறைவேற்றிய தீர்மானத்தில் சண்டிகர், நீர், மாநில அதிகாரம் ஆகியவற்றோடு சீக்கிய சமய நலன்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தகவல்தொடர்பு போன்றவை மட்டும் மத்தியில் இருந்தால் போதும் என்ற அதன் பகுதி, அதே காலத்தில் சென்னையில் இராஜமன்னார் குழு பேசிய மாநில சுயாட்சியிலிருந்து வெகுதூரம் போனதில்லை. ஆனால் சென்னைக் குழுவின் அறிக்கையைப் படிப்பதற்கு எவரும் மறைநூலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னையோடு ஓர் ஒப்பீடு

1950களில் அகாலி தளம் கேட்டது அரசமைப்புக்குள் ஒரு மாநிலம். திராவிட முன்னேற்றக் கழகம் கேட்டதோ தனிநாடு. கோரிக்கையின் கூர்மையை மட்டும் வைத்து அன்று ஒருவர் ஆரூடம் சொல்லியிருந்தால், நாட்டுக்கு ஆபத்து தெற்கிலிருந்துதான் என்றிருப்பார். 1962 மே மாதத்தில் மாநிலங்களவையில் அண்ணா பிரிவினையை எடுத்துவைத்துப் பேசினார். ஒருமைப்பாட்டுக் குழுவின் சார்பில் சி.பி. ராமசாமி ஐயர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையால் 1963இல் வந்த 16ஆவது திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. கழகம் பிரிவினையைக் கைவிட்டது. 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழகம் எரிந்தபோது, சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுக்க, சாஸ்திரி வானொலியில் உறுதிமொழிகள் அளித்தார். 1967இல் அவை சட்டமாயின. அதே ஆண்டு கழகம் ஆட்சிக்கு வந்தது.

திருத்தம் வந்ததால் பிரிவினை போயிற்று என்று சொல்வது பாதி உண்மை. தமிழ் பேசும் மாநிலம் அதற்குள் கையில் இருந்தது. தேர்தலில் வெல்லும் வழியும் திறந்திருந்தது. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று எழுதியவர்கள் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்களில் பெரும்பாலோர். மொழிக்காகத் தெருவில் இறங்கியவரைப் பார்த்து, இவர் இன்ன மதத்துக்காக வந்திருக்கிறார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மொழி மதங்களைக் குறுக்கே வெட்டிச் சென்ற இடத்தில் பேரம் பேச முடிந்தது. பஞ்சாபில் மொழிக்கோடும் மதக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஆக்கப்பட்டதால், விட்டுக்கொடுப்பது ஒவ்வொன்றும் ஒரு மதத்துக்கு வெற்றியாகவும் இன்னொன்றுக்குத் தோல்வியாகவும் எண்ணப்பட்டது.

1978 முதல் 1984 வரை

இதன் பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை, சுருக்கமாகவே சொல்கிறேன். 1978 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில், மரபுச் சீக்கியர் ஏற்காத பிரிவினரான நிரங்காரிகளுடன் நடந்த மோதலில் 13 சீக்கியர் உட்படப் பலர் இறந்தனர். தீவிரப் போக்குள்ள சமயப் போதகர் ஜர்னைல் சிங் பிந்திரன்வாலேயின் பெயர் ஊரெங்கும் பரவியது அதன் பிறகே. 1980 பிப்ரவரியில் அகாலி தலைமையிலான அரசு மத்திய அரசால் கலைக்கப்பட்டது. ஆட்சியில் இருந்தபோது அடங்கியிருந்த அனந்தபூர் தீர்மானம், ஆட்சி போனதும் கொடியாக உயர்ந்தது. கபூரியில் கால்வாயைத் தடுக்கத் தொடங்கிய போராட்டம் உழவர்களைப் பெரிதாக இழுக்கவில்லை. 1982 ஆகஸ்டில் அது அமிர்தசரஸுக்கு மாறி, ‘தர்ம யுத்தம்’ என்ற பெயரைப் பெற்றதும் ஆயிரமாயிரமாகக் கைதாக வந்தார்கள். நீர்ப்பங்கீட்டுத் தகராறு ஒன்று அறப்போர் என்ற பெயருக்குள் குடிபுகுந்த அந்த இடமாற்றமே, என் மதிப்பீட்டில், இந்த நிகழ்வின் திருப்புமுனை.

அவ்வாண்டு இறுதியில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அகாலிகள் அங்கே ஆர்ப்பாட்டம் செய்வார்கள் என்பதால், ஹரியானா வழியாகப் போகும் சீக்கியர் அனைவரையும் அந்த மாநிலக் காவல்துறை வண்டியிலிருந்து இறக்கிச் சோதித்தது. தலைப்பாகை ஒன்றே அடையாளம். நாட்டுக்காகப் போரிட்டு ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் நெடுஞ்சாலையில் வரிசையில் நிறுத்தப்பட்டனர். பிரிவினைக் கோரிக்கையைப் பற்றிச் சிந்தித்தே இராதவரையும் அந்தச் சாலையோரம் ஒரு மதத்தவராக மட்டும் நிறுத்தியது.

1983 அக்டோபரில் தில்வான் அருகே பேருந்திலிருந்து இந்துக்களைப் பிரித்தெடுத்து அறுவரைச் சீக்கியத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அதுவும் அதே செயல்தான்: மனிதரை மதமாகச் சுருக்கி வரிசையில் நிறுத்துவது. அகாலி தளம் இத்தகைய கொலைகளைத் தெளிவாகவும் தொடர்ந்தும் கண்டிக்கத் தயங்கியது. மத்திய அரசோ பேச்சுவார்த்தையைக் கிட்டத்தட்ட முடிவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு முறையும் கைவிட்டது. 1984 ஜூன் தொடக்கத்தில், குரு அர்ஜன் நினைவு நாளுக்கு வந்த வழிபாட்டினர் உள்ளே இருக்கும்போதே, அங்கே ஆயுதங்களோடு தங்கியிருந்த பிந்திரன்வாலேயையும் அவருடைய ஆட்களையும் அகற்றப் படை பொற்கோயிலுக்குள் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தம் சீக்கிய மெய்க்காவலர்களால் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே சொல்கிறது. ஆணையங்களும் குழுக்களும் அடுத்தடுத்து அமைந்தன. அரசியல் தலைவர் ஒருவருக்கு டில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில்.

உடன்பாடும் அதன் பிறகும்

1985 ஜூலை 24 அன்று ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் சந்த் ஹர்சந்த் சிங் லோங்கோவாலும் செய்துகொண்ட உடன்பாடு, 1966 விட்டுச்சென்ற மூன்று பாக்கிகளையும் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டது. சண்டிகர் பஞ்சாபுக்கு, ஈடாக இந்தி பேசும் ஊர்கள் ஹரியானாவுக்கு, நீருக்குத் தீர்ப்பாயம். ஒரு மாதம் ஆகுமுன்பே லோங்கோவால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருந்தும் செப்டம்பர் தேர்தலில் மக்கள் அகாலி தளத்துக்கு 117இல் 73 இடங்கள் கொடுத்து உடன்பாட்டை வழிமொழிந்தார்கள். அந்த வாக்கின் ஈரம் காய்வதற்குள் கந்துகேராவின் கணக்கு வந்தது. சண்டிகர் கைமாறவில்லை, அகாலி முதலமைச்சர் சுர்ஜித் சிங் பர்னாலாவின் அரசு வெறுங்கையோடு நின்று, 1987 மே மாதம் கலைக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் அமைதியையே தாங்கி நின்ற உடன்பாட்டில், எல்லையை ஊர் ஊராகப் பிரிக்கும் விதியையும் நிலத்தொடர்ச்சி விதியையும் ஒன்றாக எழுதியவர்கள், அந்த வட்டாரத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்துப் பார்த்திருந்தாலே சிக்கல் எங்கே வரும் என்று கண்டிருப்பார்கள்.

1992 பிப்ரவரித் தேர்தலில் பெரும்பாலான அகாலிப் பிரிவுகள் ஒதுங்கிநிற்க, நான்கில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. காவல்துறையின் கடும் நடவடிக்கையால் ஆயுதக் குழுக்கள் ஒடுங்கின. காணாமற்போனவர்கள், அடையாளம் தெரியாதவை என்று எரிக்கப்பட்ட உடல்கள் என்ற பாக்கி தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் கிடந்தது. 1995 ஆகஸ்டில் முதலமைச்சர் பியாந்த் சிங் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். ஆனால் 1996இல் மோகாவில் கூடிய அகாலி தளம், தன்னைப் பஞ்சாபியர் அனைவரின் கட்சி என்று அறிவித்தது. 1997இல் பாரதிய ஜனதாவுடன் கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தது. 1951இல் தாய்மொழிக் கட்டத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பாரின் கட்சிகள், தேர்தலுக்கு முன்பே கைகோத்து வாக்குக் கேட்டன.

கால்வாயில் இன்றுவரை நீர் ஓடவில்லை. 1990இல் அதன் பொறியாளர்கள் கொல்லப்பட்டபின் பஞ்சாபில் வேலை நின்றது. 2004இல் பஞ்சாப் சட்டமன்றம் நீர் உடன்படிக்கைகளை ரத்துசெய்து இயற்றிய சட்டம் செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே, கையகப்படுத்திய நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சட்டமன்றம் தீர்மானித்ததும், உழவர்கள் இயந்திரங்களைக் கொண்டு கால்வாயைச் சில இடங்களில் தூர்க்கத் தொடங்கினார்கள். நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. நான்கு ஆண்டுகள் கழித்து, வேளாண் சட்டங்களை எதிர்த்து இரு மாநில உழவர்களும் டில்லி எல்லையில் சிங்குவிலும் திக்ரியிலும் ஓராண்டுக்கு மேல் ஒரே பந்தலில் சமைத்து உண்டார்கள்.

சண்டிகரில் இரு மாநிலச் சட்டமன்றங்களும் லே கார்புசியே வடிவமைத்த ஒரே கட்டடத்தில்தான் கூடுகின்றன. 2022 ஏப்ரல் 1 அன்று, நகரத்தைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பஞ்சாப் சட்டமன்றம் அங்கே தீர்மானம் போட்டது. நான்கு நாட்கள் கழித்து அதே கட்டடத்தின் மற்றொரு மன்றத்தில் கூடிய ஹரியானா சட்டமன்றம், கால்வாயை முடிக்க வேண்டும் என்றும், இந்தி பேசும் ஊர்களைத் தர வேண்டும் என்றும் தன் தீர்மானத்தை நிறைவேற்றியது.